அவர் எனக்கு நல்லாப் பேசினவர்

தம்பி தங்கைகளே, மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள். எந்த அகராதி நல்லது, குறிப்பு எப்படி எடுப்பது, இதற்கெல்லாம் இப்போது ஒஸ்லோவில் வகுப்பு நடக்கிறது. சான்றிதழும் தருகிறார்கள். எங்கள் காலத்தில் இரண்டு மொழி தெரிந்தால் போதும், தொலைபேசியைக் கையில் கொடுத்து ஆரம்பியுங்கள் என்பார்கள். அப்படி ஆரம்பித்த ஒருத்தி எங்கே போய் முட்டிக்கொண்டாள் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். இதில் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், ஓய்வு பெற்ற பிறகு அதைப் பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறேன்.

நான் திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். கணவரின் வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்து ட்வெய்ட்டாவில் குடியேறினோம். இங்கே தமிழ் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ். வந்த புதிதில், கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் தொலைபேசியில் "ஓம், ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தக் குளிரிலும் என்ன பக்தி என்று நினைத்தேன். ஆமாம் என்பதைத்தான் அவர்கள் ஓம் என்கிறார்கள் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. அவர்களும் என்னை விட்டு வைக்கவில்லை. நான் "டைம் ஆச்சு, பஸ் மிஸ் பண்ணிடுவேன்" என்றால், "இவ தமிழ் கதைக்கிறாவோ இங்கிலிஸ் கதைக்கிறாவோ" என்று என் காதுபடவே கேட்பார்கள். எல்லாம் ஒரே தமிழ்தான், நாலைந்து வார்த்தை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதானே என்ற தைரியத்தில் நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அந்த 'அவ்வளவுதானே' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் ஓர் அமெரிக்கப் பெண் பத்திரிகையாளரிடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கிட்டத்தட்ட என் வயது. ஒரு சிற்றூரில், இறைச்சித் தொழிற்சாலையின் வாசனை வீட்டுக்குள் வரும் தூரத்தில் பிறந்தவர். உள்ளூர்ப் பத்திரிகையில் மரணச் செய்தி எழுதும் மேசையில் தொடங்கி, நீதிமன்றம், வேலைநிறுத்தம் என்று பல வருடம் அலைந்தவர். அந்த இறைச்சித் தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கற்பனை ஒரு வரி கிடையாது, எல்லாம் நடந்தது. அது அதிகம் விற்கவில்லை. பிறகு ஒரு நார்வேக்காரரைக் கல்யாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்தார். கல்யாணம் நிலைக்கவில்லை, ஒஸ்லோ நிலைத்துவிட்டது. நான் சேர்ந்தபோது, வடக்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன அகதிகளைப் பற்றி இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நார்வேஜிய மொழி அவருக்கு நன்றாக வரும். தமிழுக்குத்தான் நான்.

கோபக்காரர். பென்சில் முனை உடைந்தால் பென்சிலைத் திட்டுவார். பதிவுக் கருவியை நம்பமாட்டார், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டே இருப்பார். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் நாங்கள் அடிக்கடி போகும் வீடுகளில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்திருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்ததும், உடனே அவரிடம் பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். "உங்களைக் காப்பி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பி குடிப்பீர்களே, அதனால்." அவருக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒரு நாளில் ஆறு கோப்பை வரைக்கும் போனது. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தார்.

மூன்று மாதம் கழித்து ஆரணி என்ற பதினைந்து வயதுப் பெண்தான் உண்மையைச் சொன்னாள். இந்த நாட்டிலேயே பிறந்தவள், தமிழும் நொஸ்க் என்கிற நார்வேஜிய மொழியும் கலந்து கட்டிப் பேசுவாள். "ஐயோ ஆன்ட்டி, கோப்பி இல்லை, கொப்பி. ஸ்க்ரீவெபோக். அவ எப்பவும் எழுதிக்கொண்டு இருக்கிறா எல்லோ, அதுதான் கொப்பி அக்கா." கொப்பி என்றால் நோட்டுப் புத்தகம். காப்பியை அவர்கள் கோப்பி என்பார்கள். ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவில் நான் ஒரு மனுஷியின் வயிற்றைப் புண்ணாக்கியிருந்தேன்.

கொப்பி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் மெட்ரோவில் வரும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மாதிரி வேறு எத்தனை வார்த்தை இருக்கும்?"

"இது ஒன்றுதான்" என்றேன்.

எப்படி அவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆரணியின் அம்மா தவமலரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். வடக்கே ஹம்மர்பெஸ்ட் பக்கம் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மீனின் தோலை உரிக்கும் மெசினில் இடது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்தது. மெசினைப் பற்றி முந்தைய நாளே எச்சரித்தும் தவமலர் கேட்கவில்லை, கவனக்குறைவால் விரலை இழந்தார் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. தொழிற்சாலை நடத்திய விசாரணையின் அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. அவர் கணவரும் அதை நம்பினார். ஆரணியும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். "அம்மாக்குச் சொன்னவை, அம்மா கேக்கேல்லை" என்று ஒரு முறை என்னிடமே சர்வசாதாரணமாகச் சொன்னாள். அடுப்படியில் நின்ற தவமலர் அதைக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

தவமலரின் நல்ல பெயர்தான் இந்தக் கதையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

பேட்டியின்போது தவமலர் குறைவாகத்தான் பேசினார். விபத்துக்கு முந்தைய நாளைப் பற்றி கொப்பி அக்கா கேட்டார். தவமலர் சட்டைக் கையை இழுத்து விரலில்லாத கையை மூடிக்கொண்டார்.

"அந்த மெசினுக்காக முதல் நாளும் போர்மன் எனக்குப் பேசினவர்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்: அந்த மெசினைப் பற்றி முந்தைய நாளே போர்மன் என்னுடன் பேசினார்.

"அப்படியிருந்தும் ஏன் அந்த மெசினுக்குத் திரும்பப் போனீர்கள்?" என்று கொப்பி அக்கா கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"வேற என்ன செய்யிறது? வேலையெல்லோ."

அறிக்கை சொன்னதும் இதுவும் அச்சாகப் பொருந்தியது. கொப்பி அக்கா எழுதிக்கொண்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் சொன்னது அச்சுக்குப் போகும் முன், அந்த வரியை அவரிடமே கொண்டுபோய்த் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். மற்றப் பத்திரிகையாளர்கள் இதைக் கேலி செய்வார்கள். சொன்னவர் பின்வாங்கிவிடுவார் என்பார்கள். அவர் அசைந்து கொடுக்கமாட்டார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

இளவயதில் அவர் ஒரு பேருந்து ஓட்டுநரிடம் விபத்தைப் பற்றிப் பேட்டி எடுத்தாராம். "குழந்தை என் கண்ணுக்குத் தெரியவில்லை" என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். இவர் தன் கோழிக் கிளறலைத் தானே வாசிக்க முடியாமல் "குழந்தையை நான் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டார். குழந்தைக்குச் சின்னக் காயம்தான், சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் பார்க்காமல் வண்டி ஓட்டியவன் என்ற பெயர் அந்த மனிதருக்கு ஆறவே இல்லை. மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்கு இவர் போனபோது, உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. "அந்தக் கதவை நான் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார். இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் அது மனதில் நின்றுவிட்டது.

புத்தகத்திலிருந்து தவமலரின் அத்தியாயத்தை முன்கூட்டியே வெளியிட அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒரு மாத இதழ் ஒப்புக்கொண்டது. பல வருடமாகக் கொப்பி அக்கா தட்டிப் பார்த்த கதவு அது. வழக்கப்படி நாங்கள் ரொம்சோஸுக்குப் போய் வரிகளை வாசித்துக் காட்டினோம். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திருப்பிச் சொன்னேன்.

"அந்த மெசினைப் பத்தி முந்தின நாளே போர்மன் உங்ககிட்ட பேசினார்னு எழுதியிருக்காங்க. சரியா இருக்கா?"

"ஓம், பேசினவர்" என்றார் தவமலர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாப் பேசினவர்" என்றார்.

இதையும் நான் விடுவேனா. "போர்மன் அன்பாகப் பேசியதாகச் சொல்கிறார்" என்று கொப்பி அக்காவிடம் சொன்னேன். அவர் 'அன்பாக' என்பதை வரியில் சேர்த்துக்கொண்டார். பொறுமையாக எடுத்துச் சொன்ன ஒரு நல்ல போர்மனும், அதைக் கேட்காத ஒரு தொழிலாளியும். இதழுக்குப் போனது அதுதான்.

நான்கு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலை, ட்வெய்ட்டா சென்டரில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத் தாயும் நாலு வயது மகளும். மகள் புதுச் சட்டையில் ஐஸ்கிரீமை வழிய விட்டிருந்தாள்.

"இருங்கோ, அப்பா வந்து நல்லாப் பேசப் போறார்" என்றாள் தாய்.

குழந்தையின் உதடு பிதுங்கியது. அழத் தொடங்கிவிட்டது.

அப்பா நல்லாப் பேசினால் குழந்தை எதற்கு அழ வேண்டும்? உருளைக்கிழங்கோடு நின்றேன். அந்தத் தாயிடம் போய், "தப்பா எடுத்துக்காதீங்க, பேசறதுன்னா உங்க பக்கம் என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"பேசுறது எண்டா ஏசுறதுதானே. நீங்கள் திட்டுறது எண்டு சொல்லுவியள்."

"அப்ப சும்மா பேசறதுக்கு?"

"அது கதைக்கிறது."

அவர்கள் பேசுவதே இல்லை, கதைக்கிறார்கள் என்பது எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். அப்படியானால் பேசு என்ற சொல்லை அவர்கள் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தெரியாத வார்த்தை வந்தால் நீங்கள் நிறுத்திக் கேட்பீர்கள். தெரிந்த வார்த்தை தெரிந்த முகத்தோடு வந்து வேறு அர்த்தத்தை வைத்துவிட்டுப் போகும்போது எங்கே நிறுத்துவது? வாசித்துக் காட்டியும் பிடிபடாமல் போனதற்கு அதுதான் காரணம். என் 'பேசினார்' அவர் காதில் திட்டினார் என்று விழுந்தது. அவர் சரி என்றார். இருவரும் ஒரே சொல்லின் மேல் நின்று தலையாட்டியிருக்கிறோம்.

இதழ் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று யோசித்தேன். அமெரிக்காவில் படிப்பவர்களுக்குத் தவமலரைத் தெரியாது. தவமலருக்கு ஆங்கிலம் வராது. என் மேல் சந்தேகமே வராது. சென்டரின் பெஞ்சில் உட்கார்ந்து இத்தனையும் கணக்குப் போட்டேன். அப்புறம் ஆரணி நினைவுக்கு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வரும். அம்மா கேட்கவில்லை என்பதை இனி அம்மாவின் வாயாலேயே சொன்னதாக அவள் படிப்பாள். எழுந்து போய் மெட்ரோ ஏறினேன். உருளைக்கிழங்குப் பை பெஞ்சிலேயே கிடந்தது.

கொப்பி அக்கா நகரத்தில் ஒரு சின்ன அறையை எழுதுவதற்கு வைத்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டுப் புத்தகங்களைக் கிளறி ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். தவமலரின் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. கீழே, "கையை மூடுகிறார். ஏன்?" என்று எழுதியிருந்தது.

"என் கண் கேட்டது. நான் அதற்குப் பதில் சொல்லாமல் அறிக்கையை நம்பினேன்" என்றார். "உனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியுமா, போர்மன் திட்டினார் என்று?"

"வார்த்தைக்கு அர்த்தம் நிச்சயம். நடந்தது அவருக்குத்தான் தெரியும்."

"அப்படியென்றால் திட்டினாரா என்று கேட்காதே. நீ ஒரு வார்த்தையை நீட்டினால் அவர் பாவம், அதையே வாங்கிக்கொள்வார். போர்மன் வாயிலிருந்து வந்தது என்ன என்று கேள்."

தவமலருக்குத் தொலைபேசி போட்டோம். கொப்பி அக்கா ஒலிபெருக்கியை அழுத்தினார். நான் கேட்டேன்: "போர்மன் அன்னைக்கு என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்ல முடியுமா?"

"அவர் நொஸ்க்கிலைதானே சொன்னவர்" என்றார் தவமலர். "மெசின் மூடி கழண்டு நிக்குது, கை போயிடும் எண்டு நான் போய்ச் சொன்னனான். அதுக்கு எல்லாருக்கும் முன்னாலை 'ஹொல் ஷெஃப்ட்' எண்டவர்."

இதற்கு நான் தேவைப்படவில்லை. வாயை மூடு என்பதை அதைவிடக் கொச்சையாக நார்வேஜிய மொழியில் சொல்வது கஷ்டம். கொப்பி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வேலையில் நான் கற்ற ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் தருவேன். சொன்னார், பேசினார், கேட்டார் என்று வரும்போது அங்கேயே நின்று, என்ன வார்த்தை சொன்னார் என்று கேளுங்கள். நடுவில் யாருடைய தமிழும் புகாத இடம் அது.

அமெரிக்காவில் அப்போது காலை. இதழின் ஆசிரியரை வீட்டில் கூப்பிட்டார் கொப்பி அக்கா. அத்தியாயம் தவறு, நிறுத்துங்கள் என்றார். ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். தொழிற்சாலையின் அறிக்கையும் இதையேதான் சொல்கிறது, இரண்டு சாட்சி ஒத்துப் போகிறதே, இப்போது ஒரு தொலைபேசிப் பேச்சை வைத்து எப்படி மாற்றுவது? கொப்பி அக்கா கோப்பிலிருந்து அறிக்கையை எடுத்து என் முன்னால் தள்ளினார். அது நார்வேஜிய மொழியில் இருந்ததால் அவரே படித்திருந்தார், நான் அதுவரை பார்த்ததில்லை. "தான் எச்சரிக்கப்பட்டதைத் தொழிலாளி ஒப்புக்கொள்கிறார். முந்தைய நாள் போர்மன் அவருடன் பேசியிருக்கிறார்." கடைசி வரியில், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர், ஒஸ்லோ, என்று போட்டு ஒரு பெயர் இருந்தது. கோவிந்தராஜன்.

அது என் அப்பா பெயர்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தை, இங்கே வந்ததும் விரித்து எழுதிக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். வந்த முதல் ஐந்தாறு வருடம் எல்லாக் காகிதத்திலும் நான் கோவிந்தராஜன்தான். பிறகுதான் கணவர் பெயருக்கு மாறினேன். அந்த நாட்களில் தொலைபேசியில் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்தேன். வடக்கே ஏதோ தொழிற்சாலை, ஏதோ ஒரு பெண். எனக்கு நினைவே இல்லை.

"இது நான்தான்" என்றேன்.

கொப்பி அக்கா தொலைபேசி வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் எனக்கு இரண்டு சாட்சி இருக்கவே இல்லை" என்றார். "இரண்டு தடவையும் நீயே இருந்திருக்கிறாய்."

ஆசிரியரிடம் அதை அப்படியே சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. திருத்தி எழுத இரண்டு நாள் போதாது, தவமலரிடம் முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டும், ஆகவே எடுத்துவிடுங்கள் என்றார். அந்த இதழில் வேறு யாருடைய கட்டுரையோ வந்தது. அவர்கள் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. நான் அழுதேன். அவர் ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். "எழுது" என்றார். "நீ என்ன கேட்டாய், என்ன சொன்னாய், என்ன சொல்லியிருக்க வேண்டும். ஒரே பக்கம். கையெழுத்துப் போடு. அந்தப் பழைய பெயரையும் சேர்த்துப் போடு."

நான் எழுதிய அந்த ஒரு பக்கம் தொழிற்சாலைக்குப் போனது. பல மாதம் இழுத்தடித்து, மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு, அதை அறிக்கையோடு சேர்த்து ஒரு பிரதியைத் தவமலருக்கு அனுப்பினார்கள். புத்தகமும் ஒன்றரை வருடம் பிந்தி வந்தது. கொப்பி அக்கா அதற்குப் பிறகு இன்னும் ஒன்று எழுதினார். இப்போது தன் ஊருக்கே திரும்பிவிட்டார், கடிதம் போடுகிறார், பாதி வாசிக்க முடிவதில்லை. அதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்க விரும்புவது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாளில்.

ஞாயிறு மத்தியானம் நாங்கள் இருவரும் ரொம்சோஸ் போனோம். பாறையைக் குடைந்து கட்டிய ஸ்டேஷன் அது, மேலே வெளிச்சத்துக்கு வர நேரமாகும். அன்றைக்கு எனக்கு அந்த நேரம் போதவில்லை. கதவு திறக்காமல் போன அந்தப் பேருந்து ஓட்டுநர்தான் மனதில் இருந்தார். கொப்பி அக்காவுக்கும் அதே நினைவாக இருந்திருக்க வேண்டும். மணியை அழுத்தப் போனவர் கையை எடுத்துவிட்டு, "நீயே அழுத்து" என்றார்.

ஆரணி திறந்தாள். "அம்மா, தொல்க் ஆன்ட்டி வந்திருக்கிறா" என்று உள்ளே குரல் கொடுத்தாள். தொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பட்டம் அன்றைக்கு எனக்குக் குத்தியது.

தவமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. விசாரணையின்போது தொலைபேசியில் மொழிபெயர்த்தவள் நான்தான், நீங்கள் பேசினவர் என்றதை நான் கதைத்தவர் என்று சொல்லிவிட்டேன், அதனால்தான் உங்களை எச்சரித்ததாக எழுதினார்கள், இப்போது மறுபடியும் அதையே செய்தேன் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குப் போனிலை ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது" என்றார். "வடிவான தமிழ், றேடியோவிலை வாற மாதிரி. அவ எல்லாம் சரியாச் சொல்லுவா எண்டு நம்பினனான். பேசினவர் பேசினவர் எண்டு மூண்டுதரம் சொன்னனான். பிறகும் ஏன் எல்லாரும் என்னிலை பிழை சொல்லினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. நான்தான் ஏதோ மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

சுவரில் சாய்ந்து நின்ற ஆரணி முன்னால் வந்தாள்.

"அப்ப அம்மாக்கு ஒருத்தரும் அத்வார்ஷல் குடுக்கேல்லையா?"

"எச்சரிக்கையோ?" என்றார் தவமலர். "அதை நானெல்லோ அவைக்குக் குடுத்தனான்."

ஆரணி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தவமலர் சட்டைக் கையை இழுத்து மூடவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சக்தி இருக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எனக்கு நல்லாப் பேசிடுங்க" என்றேன். "மனசு விட்டுப் பேசுங்க. எனக்கு அது வேணும்."

தவமலரின் உதட்டோரம் அசைந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்பதான் எங்கடை தமிழிலை சரியாச் சொல்லுறியள்" என்றார். "உங்களுக்கு நான் ஏன் பேசோணும்? பிழையெண்டு தெரிஞ்ச உடனை வந்து நிக்கிறியள்." எழுந்து அடுப்படிப் பக்கம் போனவர் வாசலில் நின்று திரும்பினார். "கொப்பி அக்காவைக் கொப்பியைத் திறக்கச் சொல்லுங்கோ. கோப்பி போட்டுக்கொண்டு வாறன். இண்டைக்கு இருந்து நான் கதைக்கப் போறன்."